மதிலுக்குள் பிழைத்த மான்

முன்னுரை

இறைவன் படைத்த உயிரினங்களுள் எத்தனையோ இவ்வுலகை விட்டு மறைந்துவிட்டன. மொரீசியஸ் தீவில் வாழ்ந்த டோடோ என்னும் பறவை 17ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்து வானத்தையே மறைத்த பயணிப்புறா இனத்தின் கடைசிப் பறவை, 1914 செப்டம்பர் 1ஆம் நாள் சின்சினாட்டி நகர மிருகக்காட்சிசாலையில் தனியாய் இறந்தது. இச்செய்திகளைப் படிக்கும்போது, "போனது போனதுதான், இனி நாம் என்ன செய்ய முடியும்?" என்ற சோர்வு நமக்கு ஏற்படுகிறது.

ஆனால் மறைந்துவிட்டதென்று கைவிடப்பட்ட நாட்டிற்கே மீண்டும் திரும்பி வந்த விலங்கும் ஒன்று உண்டு. அது சீன நாட்டு மான். அம்மானின் வரலாற்றை நான் நூலகத்தில் படித்தபோது என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு விலங்கைக் காப்பது என்றால் என்ன? அதன் உயிரைக் காத்தால் போதுமா, அல்லது அதன் வீட்டையும் காக்க வேண்டுமா? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கிலும் சேராத விலங்கு

இம்மானைச் சீனர்கள் 'மீலூ' என்று அழைக்கின்றனர். அதற்கு 'நான்கிலும் சேராதது' என்னும் பொருள்படும் பட்டப்பெயரும் உண்டு. கொம்பு மானைப் போன்றது, ஆனால் அது மான் அன்று. கழுத்து ஒட்டகத்தைப் போன்றது, ஆனால் ஒட்டகம் அன்று. குளம்பு பசுவைப் போன்றது, ஆனால் பசு அன்று. வால் கழுதையைப் போன்றது, ஆனால் கழுதை அன்று என்று அந்நாட்டு மக்கள் வேடிக்கையாகக் கூறுவார்கள். உண்மையில் அது மான் இனமே. ஆனால் மற்ற மான்களின் கொம்புக் கிளைகள் முன்னோக்கி நிற்க, இதன் கிளைகளோ பின்னோக்கி நிற்கும். ஆண் மான்கள் இணைசேரும் காலத்தில் புல்லையும் நாணலையும் கொம்பில் சுற்றிக்கொண்டு, மாலை சூடியதுபோல் திரியுமாம்!

படைப்பில் காரணமின்றி எதுவும் அமைவதில்லை. மீலூவின் குளம்புகள் அகன்று விரிந்தவை. ஆகவே சேற்றில் கால் புதையாமல் நடக்க அதனால் முடியும். நன்றாக நீந்தவும் செய்யும். சீனாவின் கிழக்குப் பகுதியில் பேராறுகள் பரப்பிய சதுப்பு நிலங்களே அதன் தாயகம். அங்கே வளரும் புல்லும் நீர்த்தாவரங்களும் அதன் உணவு.

அச்சதுப்பு நிலங்களே மக்களுக்கும் வேண்டியவையாக இருந்தன. நீரை வடித்துவிட்டு வயலாக்கினார்கள். வேட்டையும் ஆடினார்கள். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மீலூக்கள் அருகின. இறுதியில், பீகிங் நகருக்குத் தெற்கே நான்ஹாய்சி என்னுமிடத்தில், நீண்ட மதில் சூழ்ந்த பேரரசரின் வேட்டைத் தோட்டத்திற்குள் மட்டும் ஒரு கூட்டம் எஞ்சியது. பேரரசருக்காக வளர்த்த மான் என்பதால் பிறர் அதைக் காண்பதும் அரிதாயிற்று.

மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த குரு

பிரான்சு நாட்டில் எஸ்பெலெட் என்னும் சிற்றூரில் 1826இல் பிறந்தவர் ஆர்மாண்ட் டேவிட் அடிகளார். புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய மறைபரப்புச் சபையைச் சேர்ந்த குரு. 1862இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். இறைபணியோடு செடிகொடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும் ஆராய்வதில் அவருக்குப் பெருவிருப்பம். கருப்பும் வெள்ளையுமான பாண்டாவை 1869இல் மேலைநாட்டு அறிஞர்களுக்கு முதன்முதலில் அறிமுகப்படுத்தியவரும் அவரே.

1865ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் நான்ஹாய்சி மதிலோரம் சென்றார். அங்கே குவிந்திருந்த மணல்மேட்டில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். இதுவரை எந்த நூலிலும் கண்டிராத மான்கள் நூற்றுக்கு மேல் தொலைவில் மேய்ந்துகொண்டிருந்தன! அவர் பெருமுயற்சி செய்து, காவலர்கள் வழியாகத் தோல்களைப் பெற்றுப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார். 1866இல் அங்கிருந்த மில்ன் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, அடிகளாரின் பெயரையே சேர்த்து, 'எலாஃபூரஸ் டேவிடியானஸ்' என்று பெயரிட்டார். அதன்பின் உயிருள்ள மான்கள் சிலவும் ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளுக்குக் கப்பலேறின.

சீனக் காடுகள் விரைவாக வெட்டப்படுவதையும் அவற்றோடு உயிரினங்கள் அழிவதையும் கண்டு அடிகளார் தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதியுள்ளார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே பரவாத காலத்தில் ஒரு குரு இவ்வாறு கவலைப்பட்டார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வெள்ளமும் பசியும்

1895இல் பெருவெள்ளம் வந்து வேட்டைத் தோட்டத்தின் மதிலை உடைத்தது. மான்கள் வெளியே ஓடின. வெளியே இருந்தவர்களோ வெள்ளத்தில் பயிரை இழந்து பட்டினி கிடந்த ஏழை மக்கள். அவர்கள் அம்மான்களைப் பிடித்து உண்டார்கள். எஞ்சியவை மிகச் சிலவே. 1900இல் சீனாவில் கலவரம் மூண்டது. அயல்நாட்டுப் படைகள் பீகிங்கிற்குள் நுழைந்தன. அக்குழப்பத்தில் மிச்சமிருந்த மான்களும் கொல்லப்பட்டன. அதே 1900ஆம் ஆண்டில்தான் டேவிட் அடிகளாரும் பாரிஸில் காலமானார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மானை உண்ட அம்மக்களை நாம் குற்றவாளிகள் என்று சொல்லலாமா? வீட்டில் குழந்தை பசியால் அழும்போது, "இது உலகிலேயே அரிய மான்; இதைத் தொடாதே" என்று எந்தத் தாயிடம் சொல்ல முடியும்? அம்மான் அரசருக்கு மட்டும் உரியதாக மதிலுக்குள் இருந்தது. மக்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, உறவும் இல்லை. மதில் இடிந்த அன்று அதைக் காக்க ஒருவரும் முன்வராததில் வியப்பில்லை. பசித்தவரை மறந்துவிட்டு விலங்கைக் காக்க முடியாது. இது இவ்வரலாறு கற்பிக்கும் முதற்பாடம்.

பதினெட்டு மான்கள்

சீனாவில் மீலூ அற்றுப்போயிற்று. ஆனால் ஐரோப்பாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இருந்தன. இங்கிலாந்து நாட்டின் பெட்ஃபோர்டு பிரபு, இவை தனித்தனியே இருந்தால் இனம் பெருகாது என்று உணர்ந்து, பல நகரங்களிலிருந்தும் 18 மான்களைத் திரட்டி வோபர்ன் என்னுமிடத்திலிருந்த தம் பரந்த தோட்டத்தில் விட்டார். அப்போது உலகில் எஞ்சியிருந்த மீலூக்கள் ஏறக்குறைய அவ்வளவே.

எங்கள் பாட்டி வீட்டில் விதைநெல்லை வைக்கோல் பிரியால் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பார்கள். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்கக்கூடாது என்பார் பாட்டி. அந்தப் 18 மான்களும் ஓர் இனத்தின் விதைநெல்லே. அவற்றிலும் எல்லாம் முளைக்கவில்லை. 11 மான்களே குட்டி ஈன்றோ ஈனச் செய்தோ வம்சத்தைத் தொடர்ந்தன. பிற்காலத்தில் பிறந்த மீலூக்கள் எல்லாம் அவற்றின் வழிவந்தவையே.

முதல் உலகப் போரில் இங்கிலாந்தில் உணவு தட்டுப்பட்டபோது வோபர்ன் மான்கள் பல மடிந்தன. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, ஒரு குண்டு அத்தோட்டத்தில் விழுந்தால் இனமே முடிந்துவிடுமே என்ற அச்சம் எழுந்தது. ஆகவே மான்களைப் பிரித்து வேறு மிருகக்காட்சிசாலைகளுக்கும் அனுப்பினார்கள். விதைநெல்லை ஒரே வீட்டில் வைத்தால், அவ்வீடு தீப்பற்றினால் ஊருக்கே விதை இல்லாமற் போகும் அல்லவா? எஞ்சியவற்றை ஒரே இடத்தில் வைக்கலாகாது என்பது இரண்டாம் பாடம்.

வயலுக்குத் திரும்பிய விதை

விதைநெல் கோட்டைக்குள் கிடந்தால் அது பயிராகுமா? வயல் வேண்டும். 1956இல் சில மான்கள் பீகிங் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டன. கூண்டுக்குள் அவை பெருகவில்லை. பின்னர் பெட்ஃபோர்டு குடும்பத்தாரும் சீன அறிஞர்களும் கூடிப் பேசி, 1985இல் மீலூக்களை மீண்டும் சீனாவுக்குக் கொண்டுவந்தனர். எங்கே தெரியுமா? டேவிட் அடிகளார் எட்டிப் பார்த்த அதே நான்ஹாய்சிக்கு! 85 ஆண்டுகள் கழித்து அம்மான்கள் முன்னோர் மண்ணில் கால் வைத்தன.

அடுத்த ஆண்டு, 1986இல், இங்கிலாந்திலிருந்து வந்த 39 மான்கள் ஜியாங்சு மாநிலத்தின் கடலோரத்தில் டாஃபெங் என்னுமிடத்தில் விடப்பட்டன. அங்கே மிருகக்காட்சிசாலை இல்லை. சேறும் புல்லும் நிறைந்த பரந்த சதுப்பு நிலம் இருந்தது. 1990களில் யாங்சி ஆற்றங்கரையில் ஷிஷோ என்னுமிடத்தில் மூன்றாவது காப்பகம் அமைந்தது.

1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஷிஷோ காப்பகத்தின் வேலிக்கு மேல் நீர் எழுந்தது. மான்கள் சில நீந்தி வெளியேறின. நூற்றாண்டுக்கு முன் நடந்ததை எண்ணினால், இனி அவை அவ்வளவுதான் என்றே தோன்றும். ஆனால் நடந்தது வேறு! தப்பிய மான்கள் ஆற்றோர நாணற்காடுகளிலும் டோங்டிங் ஏரிக்கரையிலும் தங்கி, தாமாகவே இரை தேடி, குட்டி ஈன்று, வேலியற்ற கூட்டங்களாயின. மனிதர் கையால் உணவு பெறாத மீலூக்கள் மீண்டும் சீனாவில் தோன்றின.

1895இலும் வெள்ளம் வந்தது. 1998இலும் வெள்ளம் வந்தது. மானும் அதே மான்தான். ஒரு வெள்ளம் இனத்தை அழித்தது. மற்றொரு வெள்ளம் விடுதலை தந்தது. வேறுபாடு எங்கே? முன்பு மதிலுக்கு வெளியே பசியும் வயலும் மட்டுமே இருந்தன. பின்பு வேலிக்கு வெளியே மான் தங்கச் சதுப்பு நிலம் இருந்தது. அதைக் கொல்லக்கூடாது என்ற சட்டமும் இருந்தது. அம்மானைத் தங்கள் நாட்டுச் செல்வமாகக் கருதும் மக்களும் இருந்தனர்.

இன்று சீனாவில் மீலூக்களின் தொகை 10,000ஐத் தாண்டிவிட்டது. ஆயினும், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்காக 2016இல் மதிப்பிட்டபோது, இம்மான் 'காட்டில் அற்றுப்போனது' என்ற பிரிவிலேயே வைக்கப்பட்டது. பெரும்பாலான மான்கள் இன்னும் வேலிக்குள் வாழ்வதே காரணம். மான் பெருகிய அளவுக்கு அது மேயும் சதுப்பு நிலம் பெருகவில்லை. விதை நிறைய இருக்கிறது, வயல் போதவில்லை.

பாலைவனம் சொல்லும் செய்தி

மீலூவைப் போலவே வேலிக்குள் பிழைத்துத் தாயகம் திரும்பிய மற்றொரு விலங்கும் உண்டு. ஆனால் அதன் கதை வேறு விதமாய்த் திரும்பியது. அரேபியப் பாலைவனத்தில் வாழும் ஓரிக்ஸ் வெண்ணிற உடலும், வாள் போன்ற நீண்ட இரு கொம்புகளும் உடையது. மோட்டார் வண்டியும் துப்பாக்கியும் பாலைவனத்தில் நுழைந்தபின் அதற்கு ஒளிய இடமில்லை. இந்நிலையை முன்கூட்டியே உணர்ந்த ஆர்வலர்கள் 1962இல் சிலவற்றை உயிருடன் பிடித்து, வேறிடங்களில் வளர்க்கப்பட்டவற்றோடு சேர்த்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர மிருகக்காட்சிசாலையில் வளர்த்தனர். தொடக்கத்தில் அங்கிருந்தவை ஒன்பதே. 1972இல் காட்டிலிருந்த கடைசி ஓரிக்ஸ்களும் ஓமன் நாட்டில் வேட்டையாடப்பட்டன.

பத்து ஆண்டுகள் கழித்து, 1982இல், பத்து ஓரிக்ஸ்கள் ஓமன் பாலைவனத்தில் விடப்பட்டன. அங்கு வாழும் ஹராசிஸ் என்னும் பழங்குடி மக்களே காவலர்களாக அமர்த்தப்பட்டனர். மக்களும் விலங்கும் சேர்ந்து வாழ்ந்த அவ்விடம் 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1996இல் அங்கிருந்த ஓரிக்ஸ்கள் ஏறத்தாழ 450.

அதன்பின் வந்தது துன்பம். உயிருடன் பிடித்துப் பணக்காரர்களுக்கு விற்கும் திருடர்கள் பெருகினர். 2007இல் 65 மட்டுமே மிஞ்சின. அரசும் எண்ணெய் வளத்தைக் கருதிக் காப்பகத்தின் பரப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அவ்வாண்டே யுனெஸ்கோ அவ்விடத்தைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. உலகிலேயே அவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. நல்லவேளையாக, அண்டை நாடுகள் சிலவற்றிலும் ஓரிக்ஸ்கள் விடப்பட்டிருந்தன. அதனால் அவ்வினம் அடியோடு போகவில்லை; 2011இல் அதன் நிலை முன்னேறியதாகவும் அறிவிக்கப்பட்டது. ஓமன் இழந்தது விதையை மட்டுமன்று, வயலையும்தான். வயலைக் குறைத்த இடத்தில் மீண்டும் விதைப்பது எளிதன்று.

கிர் காட்டின் கேள்வி

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள்தாமே என்று நாம் வாளாவிருக்க முடியாது. ஆசியச் சிங்கம் ஒரு காலத்தில் மேற்காசியாவிலிருந்து வட இந்தியா வரை உலவியது. இன்று காட்டில் வாழும் ஆசியச் சிங்கங்கள் அனைத்தும் நம் குஜராத் மாநிலத்தில், கிர் காட்டிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் மட்டுமே உள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு முன் மிகச் சிலவாய் இருந்தவை, ஜுனாகட் நவாப் அளித்த பாதுகாப்பாலும் பின்னர் அரசும் மக்களும் காட்டிய அக்கறையாலும் பெருகி, 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 891 ஆயின. தங்கள் மாட்டையே சிங்கம் கொண்டுபோனாலும் அதனோடு வாழ்ந்துவரும் சிற்றூர் மக்களின் பொறுமை பாராட்டத்தக்கது.

ஆனால் ஓர் அச்சம் உள்ளது. 2018இல் கிர் பகுதியில் சில வாரங்களில் 20க்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. அவற்றுள் சிலவற்றின் உடலில் டிஸ்டெம்பர் என்னும் நோயின் கிருமி இருப்பது கண்டறியப்பட்டது. இது நாய்களைத் தாக்கும் நோய். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் பகுதியில் இதே நோய் சிங்கங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. செரெங்கெட்டியில் இறந்தாலும் ஆப்பிரிக்காவின் வேறு காடுகளில் சிங்கங்கள் இருந்தன. ஆசியச் சிங்கத்திற்கோ வேறு காடு இல்லை.

இதனை எண்ணியே, சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டிற்குக் கொண்டுசெல்லுமாறு 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022இல் அக்காட்டிற்கு வந்து சேர்ந்தவை நமீபியா நாட்டுச் சிவிங்கிப்புலிகள், சிங்கங்கள் அல்ல. சிங்கம் தங்கள் மாநிலத்தின் பெருமை என்று குஜராத் மக்கள் கருதுவது இயல்பே. ஆயினும், பெற்ற மகளைப் புகுந்த வீட்டிற்கு அனுப்பும் தாய் அன்பில்லாமலா அனுப்புகிறாள்? வம்சம் தழைக்க வேண்டும் என்றுதானே அனுப்புகிறாள்!

முடிவுரை

நாம் கண்ட மூன்று வரலாறுகளும் ஒன்றையே கூறுகின்றன. ஒரு விலங்கைக் கூண்டிலோ தோட்டத்திலோ வைத்து உயிர் பிழைக்கச் செய்வது முதற்படி. அப்படியைச் சிலர் முயன்றாலே ஏறிவிடலாம்; 18 மான்களும் 9 ஓரிக்ஸ்களும் அதற்குச் சான்று. அதை ஒரே இடத்தில் வைக்காமல் பல இடங்களில் வாழச் செய்வது இரண்டாம் படி. அதன் சதுப்பையும் பாலையையும் காட்டையும் காத்து, அருகே வாழும் ஏழை மக்களின் வயிற்றையும் மறவாமல், அதனை அதன் வீட்டிற்கே அனுப்புவது மூன்றாம் படி. இம்மூன்றாம் படியே மிகக் கடினம். அதற்குப் பலரும் மனம் வைக்க வேண்டும்.

தோழியரே! சிங்கத்தையும் மானையும் காக்கும் வேலை நமக்கு இப்போது இல்லை. ஆனால் 'தரிசு', 'வீண்நிலம்', 'வெறும் சேறு' என்று பெரியவர்கள் சொல்லும் இடங்களைப் பார்க்கும்போது, இது யாருடைய வீடு என்று கேட்கும் பழக்கத்தை நாம் இப்போதே தொடங்கலாம். வெறும் சேறு என்று வடித்து ஒதுக்கிய நிலம்தான் மீலூவுக்குத் தாய்வீடாய் இருந்தது. நாளை நம்முள் சிலர் ஆசிரியைகளாவோம், சிலர் மருத்துவர்களாவோம், சிலர் அரசுப் பதவிகளில் அமர்ந்து, எந்த ஏரியை மூடலாம், எந்தக் காட்டில் சாலை போடலாம் என்று கையெழுத்திடும் இடத்திலும் இருப்போம். அன்று பேனாவை எடுக்குமுன் இக்கேள்வி நம் நினைவுக்கு வருமானால், நாம் இப்பள்ளியில் கற்ற கல்வி பயனுள்ளதாகும்.

விதையைக் காத்தவர்களுக்கு நன்றி சொல்வோம். வயலைக் காக்கும் கடமையை நாம் ஏற்போம்.

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு